கடை திறந்திருக்கும்போது

14 ஜூன் 1948, திங்கள்

இன்று மாலை கிடங்கைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்தபோது, இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்புவது என்று முடிவு செய்தேன். சென்ற ஆகஸ்டுக்குப் பிறகு ராயபுரத்தில் இவ்வளவு பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். கொடியேற்றம் கிடையாது; பேச்சு கிடையாது. ஒரு நாய் பார்த்தது. அதுவும் இடப்பக்கம் போய்விட்டது.

இடப்பக்கம் கள்ளுக்கடை. வலப்பக்கம் என் வீடு. பதினெட்டு வருஷமாக நான் வீட்டுக்குக் கள்ளுக்கடை வழியாகத்தான் போய்வந்திருக்கிறேன். நேர்வழி ஒன்று இருப்பதும், அது கால்வாசித் தூரம்தான் என்பதும் இன்று தெரிந்தது.

காரணம் டாக்டர். நேற்று முன்தினம் ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிக்கொண்டு போனார்கள், நாலு பேர் வேண்டியிருந்தது. டாக்டர் என் வயிற்றில் கைவைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இது சாப்பாடு இல்லை, மிஸ்டர் தேவப்பிரியம். கள்ளு. அப்புறம் கள்ளுக்குத் தொட்டுக்கொண்ட வறுத்த மீன். ஈரல் வீங்கியிருக்கிறது. நிறுத்தினால் ஐம்பது ராத்தல் குறைவீர்கள். நிறுத்தாவிட்டால் மொத்தமாகவே குறைந்துவிடுவீர்கள்.”

அவருடைய நர்ஸ் டோரதி என்னை எடை மெஷினில் ஏற்றினாள். முள் இருநூறு வரைக்கும் ஓடி, முட்டி, நின்றுவிட்டது. “இதுக்கு மேல மெஷின்ல இல்லீங்க” என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இத்தனை யோசித்திருக்க மாட்டேன்.

19 ஜூன், சனி

கிடங்கில் வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். லட்சுமணன் மேஸ்திரி கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். “இருநூத்தி இருவது. சாக்குக்கு ரெண்டு கழிச்சா இருநூத்தி பதினெட்டு.”

“நான் சாக்கில் இல்லையே.”

“கோட்டு போட்டுகினு கீறியே நைனா, அது இன்னாவாம்?”

இருநூற்றுப் பதினெட்டு என்று வைத்துக்கொண்டேன். இனி சனிக்கிழமைதோறும் நிறுப்பதாக ஏற்பாடு. எனக்கு முன்னால் ஒரு மூட்டை, எனக்குப் பின்னால் ஒரு மூட்டை.

22 ஜூன், செவ்வாய்

மாலை ஆறு மணி இவ்வளவு நீளமானது என்று யாரும் சொல்லவில்லை.

27 ஜூன், ஞாயிறு

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் டோரதியிடம் கேட்டேன். வேப்பமரத்தடியில், அவள் அத்தை சுகிர்தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில். எனக்கு நாற்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, இனி குடிப்பதும் இல்லை. அவளுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் — என்று ஒரு கப்பல் சரக்கை ஒப்படைப்பதுபோலச் சொல்லிமுடித்தேன்.

 அவள் சொன்னாள்: “என் வீட்டுக்காரரும் ரெண்டு தடவை நிறுத்தினாருங்க. ஒரு தடவை கடைக்காரன் பொண்ணு கல்யாணம்னு பத்து நாள் கடையப் பூட்டிட்டான். இன்னொரு தடவை இவரு காலை ஒடச்சிக்கிட்டாரு. கடை திறந்திருக்கும்போது, ரெண்டு காலும் நல்லா இருக்கும்போது, ஒரு வருஷம் இருந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

அவர் இறந்து ஆறு வருஷம். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நான் ‘சரி’ என்றேன். அதற்குள் செருப்பு கிடைத்துவிட்டது.

11 ஜூலை, ஞாயிறு

ஏக்கத்தைப் பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். அதில் நிலவு வரும், மேகம் வரும். புளித்த பானையின் வாசனை வந்ததில்லை. கடல்காற்று காசிமேட்டுப் பக்கமிருந்து திரும்பும்போது அந்த வாசனை என் ஜன்னலுக்கு வருகிறது. அந்தப் பெஞ்சு — நடுவில் என் பாரத்துக்கு வளைந்திருக்கும். இப்போது அதில் யார் உட்காருகிறார்கள்? வளைவு அவர்களுக்குப் பொருந்துமா?

கள்ளைவிட அந்த முதல் வாய்க்குப் பிறகு வரும் அமைதியைத்தான் நினைக்கிறேன். அன்றைக்குப் பட்ட அவமானம் எல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல ஆகிவிடும். இப்போது எல்லாம் எனக்கே நடக்கிறது.

ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு மொந்தை. யாருக்கு என்ன போச்சு?

டோரதி போவாள்.

14 ஆகஸ்டு, சனி

இருநூற்று மூன்று. லட்சுமணனுக்குக் கவலை. “இன்னா நைனா, மெலிஞ்சிகினே போறே. பேஜாரா கீது பாக்கறதுக்கு. கடையாண்ட எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க.”

என்ன கேட்கிறார்கள் என்றேன்.

“செத்துட்டியான்னு.”

5 செப்டம்பர், ஞாயிறு

இன்று டோரதி தானாகவே வந்து, “கடை வழியாத்தான் போறீங்களா?” என்றாள். நேர்வழியில் போகிறேன் என்றேன். “அது எப்படிக் கணக்காகும்?” என்றாள்.

நாளையிலிருந்து மறுபடி இடப்பக்கம். கடை வாசல் வழியாக, நிற்காமல்.

6 செப்டம்பர், திங்கள்

போனேன். கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் தாளிட்டேன்.

அவள் வீட்டு விளக்கு மூன்றாவது சந்தில் தெரியும். அது வழி அல்ல. ஆனாலும் அந்தப் பக்கமாகத்தான் வந்தேன்.

2 அக்டோபர், சனி

இன்றுமுதல் பட்டணம் முழுவதும் மதுவிலக்கு. கடையைச் சாத்திவிட்டார்கள். என்னுடைய ஒரே பெருமையைச் சர்க்கார் எடுத்து எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. ராயபுரத்தில் இன்று நானும் குடிக்கவில்லை. நேற்றிரவு சாக்கடையில் கிடந்தவரும் குடிக்கவில்லை. இருவருக்கும் வித்தியாசம் காண யாராலும் முடியாது.

லட்சுமணன் மட்டும் கண்டுபிடித்தான். “உனக்கு முன்னாடியே சேதி தெரியுமா சார்? தெரிஞ்சிகினுதான் நிறுத்திட்டியா? எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நாங்க இன்னா, வேத்து ஆளா?”

எடை நூற்றுத் தொண்ணூறு.

3 அக்டோபர், ஞாயிறு

டோரதி வருத்தத்தோடுதான் சொன்னாள். “இப்ப எல்லாருமே குடிக்கிறதில்லீங்களே. நான் எதை வச்சு நம்புறது?”

 கடை திறந்திருந்த நாட்களில் நான் சும்மாயிருந்தது அவளுக்கு மூன்றரை மாதம். எனக்கு அதற்கு மேல்.

26 அக்டோபர், செவ்வாய்

வழி தோன்றிவிட்டது. குடி இல்லாவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் சான்று கொடுத்தால், பெர்மிட் கிடைக்கும். பெர்மிட் இருந்தால் மாதம் ஒரு பாட்டில் சட்டப்படி வாங்கலாம். வாங்கிவைத்துக்கொண்டு, குடிக்காமல் இருக்கலாம். குடிக்காமல் இருப்பதற்கு இன்றைய தேதியில் எனக்கு வேண்டியது குடிப்பதற்கான அனுமதி.

நம் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஜூனில் நான் என்ன சொன்னேன்?”

29 அக்டோபர், வெள்ளி

ஜார்ஜ் டவுனில் வேறொரு டாக்டர். “குடி இல்லாமல் உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். “அப்படிச் சொன்னால் கிடைக்காது” என்றார். பிறகு அவரே என் வியாதிகளைச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் ‘ஆமாம்’ என்றேன். வெளியே வரும்போது எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது.

20 நவம்பர், சனி

பெர்மிட் வந்தது. பிராந்தியும் வந்தது. மேஜைமேல் வைத்திருக்கிறேன், சீல் உடையாமல். பெர்மிட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்: இதை வேறு யாருக்கும் ஒரு துளி கொடுத்தாலும் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சிறை.

நாளை டோரதியிடம் சொல்ல வேண்டும்.

21 நவம்பர், ஞாயிறு

சொன்னேன். அவள் பிராந்தியைப் பற்றிக் கேட்கவில்லை. “குடி இல்லைன்னா செத்துடுவேன்னு எழுதிக் கொடுத்தீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அத்தை சுகிர்தம், “இதுக்குக் குடிச்சிட்டே இருந்திருக்கலாம்” என்றார்.

28 நவம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கேக்குக்குப் போட உலர்ந்த பழங்களைப் பிராந்தியில் ஊறவைக்க வேண்டும். ராயபுரத்தில் பிராந்தி கிடையாது, என் மேஜையைத் தவிர. சபையில் மதுவிலக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அம்மாமார் மூன்று பேர் இன்று கிண்ணத்தோடு வந்தார்கள். ஒருவர் தன்னுடையது கண்ணில் விடும் மருந்துக் குப்பி என்றார். அதில் ஒரு ஆள் குளிக்கலாம். சட்டத்தைப் படித்துக்காட்டி அனுப்பினேன்.

5 டிசம்பர், ஞாயிறு

டோரதி வந்தாள், அத்தையோடு. கையில் மூடியிட்ட டம்ளர்.

“ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களுக்கு வருஷாவருஷம் நான்தான் கேக் செய்வேன். பழம் நறுக்கிட்டேன்.” அவ்வளவுதான்.

சட்டத்தை அவளுக்குப் படித்துக்காட்டவில்லை. சீலை உடைத்தேன். தக்கை வெளியே வந்ததும் அந்த வாசனை — கள்ளு இல்லைதான், ஆனாலும் ஆறு மாதம். என் பற்களுக்குக்கூட அது ஞாபகம் இருந்தது. டம்ளரில் ஊற்றும்போது ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது. வேட்டியில் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு நாள் சீல் உடையாமல் காப்பாற்றினேன். இப்போது ஆதாரம் போய்விட்டது” என்றேன்.

“சீல் போட்ட பாட்டில் மூடின கடைதானுங்களே” என்றாள். “இப்பதான் கடை திறந்திருக்கு.”

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மருந்து மிக்ஸ்சர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று தெரிவதற்காகக் கம்பவுண்டர்கள் பல்பல்லாக வெட்டி ஒட்டுவார்களே, அந்தத் தாள். முதல் பல் பிராந்தி மட்டத்துக்குச் சரியாக வரும்படி ஒட்டினாள். இனி சனிக்கிழமை வந்து பார்ப்பாளாம்.

7 டிசம்பர், செவ்வாய்

பாட்டில் மேஜையில். நான் நாற்காலியில்.

16 டிசம்பர், வியாழன்

பாட்டிலை அலமாரிக்குள் வைத்தேன். வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பது சத்தம் அதிகம். மறுபடி மேஜைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அது கூப்பிடுகிறது என்று எழுத நினைத்தேன். கூப்பிடவில்லை. சும்மா இருக்கிறது, எனக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி. தக்கையை எடுத்தேன். முகர்ந்தேன். டம்ளரைக் கொண்டுவந்தேன் — எதுக்குடா கொண்டாந்தே? கேட்க ஆள் இல்லாத வீடு. தண்ணீர் ஊற்றிவிட்டால் மட்டம் பழையபடி ஆகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. இந்த யோசனை எனக்கு இவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயம்.

டம்ளரில் மோர் ஊற்றிக் குடித்தேன். மோரைக் குறை சொல்ல முடியாது. மோரை நினைத்து யாரும் ஜன்னலோரம் நின்றதில்லை என்பதைத் தவிர.

18 டிசம்பர், சனி

டோரதி வந்து மட்டத்தைப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தாள். அவளும் தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

போகும்போது, “மெலிஞ்சிட்டீங்க. முகம் தெரியுது” என்றாள்.

25 டிசம்பர், சனி

கிறிஸ்துமஸ். அவள் செய்த கேக் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. எனக்கு ஒரு துண்டு வந்தது. அதில் பிராந்தி இருக்கிறது என்பதால் சுற்றிவந்த காகிதத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு, துண்டை லட்சுமணனிடம் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். “ஐயே, கடை வாசன வருது நைனா” என்றான்.

8 ஜனவரி 1949, சனி

டோரதியும் அத்தையும் வந்திருந்தபோது மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பெர்மிட்காரர்கள் வாங்கின சரக்கைத் தாங்களே சாப்பிடுகிறார்களா, வெளியே கொடுக்கிறார்களா என்று வீடுவீடாகப் பார்க்கிறார்களாம். மரியாதையான மனிதர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கால் பாட்டில் குறையுதே சார். எங்க போச்சு?”

டோரதியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்:

“நான்தான் குடித்தேன்.”

“நீங்களேவா?”

“நானேதான். என் உடம்புக்கு அது இல்லாமல் முடியாது.”

தாளைக் காட்டி, இது என்ன என்றார். வேளைக்கு அளவு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இந்த வட்டாரத்துல மருந்துன்னா மருந்து மாதிரி சாப்பிடுற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார். மத்த வீட்ல எல்லாம் காலி பாட்டிலத்தான் காட்டுறாங்க.” நான் குடித்ததாக எழுதினார். வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நன்றாகவே வந்தது.

அவர் போனதும் அத்தை சுகிர்தம் மார்பில் கைவைத்தார். “அடப்பாவி மனுஷா, குடிக்கிறதே இல்லேன்னீரே.”

“சும்மா இருங்க அத்தை” என்றாள் டோரதி. “அது போன இடம் உங்களுக்குத் தெரியாதா? கேக்குல மூணு துண்டு தின்னீங்க.”

பிறகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். பசை காய்ந்திருந்தது, நேரம் பிடித்தது.

“இன்னும் வருஷம் ஆகவில்லையே” என்றேன்.

“தெரியும்” என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தாள் முழுவதும் வரும்வரை சுரண்டினாள்.

15 ஜனவரி, சனி

நூற்று எழுபத்துநாலு. லட்சுமணன் வழக்கம்போல் சாக்குக்கு இரண்டு கழித்தான். நான் இன்று கோட்டு போட்டிருக்கவில்லை. அவனிடம் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் ஏங்குகிறேன். இதை அவளிடம் சொன்னேன். “எனக்கும் சாயங்காலம்தான் கஷ்டமா இருக்கும்” என்றாள். எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

1 பிப்ரவரி, செவ்வாய்

மதுவிலக்கு ஆபீஸிலிருந்து உத்தரவு. மருந்தை ஒழுங்காக உட்கொண்டுவருவதால் என் அளவை மாதம் இரண்டு பாட்டிலாக உயர்த்தியிருக்கிறார்கள்.

6 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிவில் போதகர் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார். இச்சபையைச் சேர்ந்த விதவை டோரதிக்கும், இச்சபையைச் சேர்ந்த பிரம்மச்சாரி தேவப்பிரியத்துக்கும். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.