ஒரு ரப்பர் மிச்சம்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நாற்காலிக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவளுக்கு உட்கார இடமா கிடைக்காது?

இப்போது எழுதப்போவதை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பாதே. தாய்மாமன் என்ற முறையில் உத்தரவிடுகிறேன். ஆனால் கடைசிவரை படி.

போன வியாழக்கிழமை கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தேன். எறும்பு பார்த்தால் "இவ்வளவு சின்னதா?" என்று கேட்கும், அப்படிப்பட்ட திருகாணி. திடீரென்று வானம் இருண்டது. இடி இடித்தது. கூரையைப் பிளந்துகொண்டு ஏதோ ஒன்று விழுந்து, மேஜையில் மூன்று முறை துள்ளி, என் டீ டம்ளருக்குள் போய் உட்கார்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். கறுப்பு ரப்பர். கட்டைவிரல் அளவு. நடுவில் துளை, ஒரு பக்கம் உதடு மாதிரி மடிப்பு, மறுபக்கம் ஒரு பள்ளம். என்ன வடிவம் தெரியுமா? மூன்று நாளாகக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறேன். எட்டு வாடிக்கையாளர்கள் கண்ணாடி இல்லாமல் தட்டுத்தடுமாறி வீட்டுக்குப் போனார்கள்.

என் பைத்தியம் உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் ஓட்டை எதற்கு என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு சண்டை போட்டோமே. விரல் விட்டுத் தூக்கத்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ வாயே திறக்காமல் ஓட்டைகளில் டேப் ஒட்டி, ஆறு ஸ்டூல்களை அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து இறங்கினாய். "இப்ப பிரிங்க மாமா" என்றாய். உள்ளே காற்று போக வழியில்லாமல் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டன. நாற்பது யானைகள் வந்து இழுத்தன. அன்றிலிருந்து இந்த மாதிரி விஷயத்தில் நான் உன்னைத்தான் கேட்பது.

ரப்பரை இத்துடன் அனுப்புகிறேன். இது என்ன? எங்கே இருக்க வேண்டியது? இல்லாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் இதமாகப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா,
மூவுலகத் திருகாணிகளின் தலைமை அதிகாரி

பி.கு.: உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே. வானத்திலிருந்து விழும் சாமான்கள் அத்தானுக்குப் பிடிக்காது.


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. டம்ளரில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் டீ வாசனை இல்லை. உங்கள் மேஜை டிராயரின் எண்ணெய் வாசனைதான் அடிக்கிறது.

எங்கள் ஆபீசில் ஒரு பெரியவர் இருக்கிறார். புது நாற்காலி எது வந்தாலும் முதலில் உட்கார்ந்து, நெளிந்து, சாய்ந்து, தூங்குவதுபோல் நடித்து, குறை சொல்வதுதான் அவர் வேலை. எல்லோரும் அவரை "ஆசனம்" என்று கூப்பிடுகிறோம். இங்கே வருவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் இருந்தவர். ரப்பரைக் காட்டினேன். நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"இது எங்கம்மா கெடச்சுது?"

"வானத்துலேருந்து விழுந்துச்சாம் சார்."

"வானத்துல இதுக்கு என்ன வேலை? பெட்ரோல் டாங்குக்கு அடியில இருக்க வேண்டியது இது."

பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினார். டாங்க் இரும்புச் சட்டத்தின்மேல் நேராக உட்காருவதில்லையாம், இந்த மாதிரி ரப்பர்களின்மேல்தான் உட்காருகிறதாம். என்ஜின் அதிர்வை இவை விழுங்கிக்கொள்கின்றன. உதடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம் ஏன் தெரியுமா? திருப்பிப் போட்டால் உள்ளே போகவே போகாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியாக மட்டும்தான் மாட்ட முடியும். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் மடக்கு நாற்காலியின் மூட்டை அன்று மாலையே இந்த மாதிரி மாற்றி வரைந்தேன்.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் ஆசனம். "தப்பா மாட்டறவனை யோசிச்சு இதைப் பண்ணிட்டாங்க. மாட்டவே மறந்துடறவனை யாரும் யோசிக்கல."

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: வண்டி ஓடும். வேகம் நாற்பதைத் தாண்டினால் டாங்க் முனகும். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று லேசில் பிடிபடாது.

நாற்பதைத் தாண்டினால் முனகும் வண்டி ஒன்று எனக்குத் தெரியும், மாமா. உங்களுக்கும் தெரியும். அப்பா நாலு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, "வயசாயிடுச்சு அதுக்கு" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் விற்றார். அதற்கு முந்தின கோடையில், உள்ளழகைப் பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டு வாசலில் அதை முழுசாகப் பிரித்துப் போட்டவர் யார்? கண்ணை மூடிக்கொண்டே பூட்டிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் யார்?

வண்டி போனதோடு நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதும் போயிற்று. இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த மாதத்துக்குள். இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும். உங்களைப்போல் பொய் கலந்து இனிப்பாக்க எனக்கு வராது. ரப்பரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
வாலு


மார்ச் 20

அன்புள்ள நீதிபதி அவர்களுக்கு,

கடிதம் படித்தேன். கடை அலமாரியில் இருந்த முந்நூறு கண்ணாடிகளும் என்னையே முறைத்தன.

ஆமாம். வண்டியைப் பூட்டி முடித்துத் துணியை உதறினேன். இது உருண்டு வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன். மறுநாள் காலையிலேயே அத்தான் வந்து, "என்னமோ சத்தம் வருதுடா" என்றார். அதற்குள் தெருவில் பதினேழு வீட்டில் என் கைத்திறனை அளந்துவிட்டிருந்தேனே. "காத்து சத்தமா இருக்கும்" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அந்த ஸ்டூல் மாதிரி. சரி, விற்றுவிட்டால் இந்தப் பேச்சும் முடியும் என்று நினைத்தேன். பேச்சே முடிந்துவிட்டது.

நாளை போகிறேன். திரும்பி வராவிட்டால் என் திருப்புளிகளெல்லாம் உனக்கு.

மாமா (பட்டங்கள் தற்காலிகமாகப் பறிக்கப்பட்டன)


ஏப்ரல் 1

மாமா,

என்ன ஆயிற்று? "உன் மாமன் வந்தான், ரெண்டு பேரும் எங்கயோ கெளம்பிப் போனாங்க, ராத்திரிதான் வந்தாங்க, கேட்டா ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் அம்மா போனில் சொல்கிறார். அப்பா, "அவனே எழுதுவான்" என்கிறார். போனில் பொய் சுருங்கிவிடுகிறது என்று நீங்களும் எடுப்பதில்லை. உடனே எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 9

அன்புள்ள வாலு,

உன் அப்பா முன்னால் மண்டியிட்டேன். பூமி நடுங்கியது. ரப்பரை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இதுதானா அது?" என்றார். "நீ ஏதோ ஒண்ணை மாட்டாம விட்டுட்டேன்னு அன்னிக்கே தெரியும்டா."

"எப்படி அத்தான்?"

"சத்தத்தைப் பத்திப் பேசினா நீ வாயை மூடிக்கிட்டே. நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. நீயா சொல்லுவேன்னு ஒரு வருஷம் அந்த முனகலோட ஓட்டினேன். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே உன் மேல கோவம் வந்துது. அதான் வித்தேன்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு வண்டியைத் தேடிக் கிளம்பினோம். ஏழு மலை, ஏழு கடல், ஒரு பஸ் ஸ்டாண்டு தாண்டி, அதை வாங்கிய குழாய் ரிப்பேர்க்காரரைக் கண்டுபிடித்தோம். அவர் கண்ணீர்விட்டு எங்களைக் கட்டிக்கொண்டார். ஊரே திரண்டது. கொட்டு முழக்கத்தோடு ரப்பரைத் தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனோம்.

டாங்கைத் தூக்கிப் பார்த்தால், வாலு, அந்த இடத்தில் பழைய செருப்பில் வெட்டின ஒரு துண்டு. அளவாக, நடுவில் துளை போட்டு, குழாய்க்கு வாஷர் வெட்டுகிற கையால் வெட்டியது. "வாங்கின வாரமே வெச்சுட்டேன் சார், இப்ப சத்தமே இல்ல" என்றார். நாலு மெக்கானிக்குக்குப் பிடிபடாததை! அத்தானும் நானும் தலை முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தோம். அதை எடுக்க இருவருக்குமே மனசு வரவில்லை. வண்டி அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கம்பெனி ரப்பரை அத்தான் என் கையில் வைத்தார். "சத்தம் வர்ற எடத்துல வெச்சுக்க" என்று என் வாயைப் பார்த்தார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முட்டிவலிக்காரன் மண்டியிடுவதாவது! ஊர்வலம் இல்லை, கொட்டு இல்லை, குழாய்க்காரர் அழவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு "சீக்கிரம் பாருங்க, வேலை இருக்கு" என்றார். செருப்புத் துண்டைக்கூட நான் எழுதின அளவுக்கு அழகு என்று சொல்ல முடியாது.

ஆனால் புறப்படுமுன் அத்தான் அவரிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே பின் சீட்டைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். ஒரு சுற்று போனோம். நாற்பதைத் தாண்டினார். சத்தம் வரவில்லை. நானும் பேசவில்லை.

அது மட்டும் நிஜம்.

உன் மாமா