கேட்டுக்கு வெளியே நீங்கள்

அன்புள்ள அப்பா,

நேற்று மாலை உங்கள் பேத்தி ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்தாள். இப்போது அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். முடித்துக் கொடுத்தால் கல்லூரியில் கிரெடிட் சேருமாம். வந்ததும் துப்பட்டாவை நாற்காலியில் போட்டாள். சமையலறைவரை வந்தது அந்த வாசனை. இரும்பை வெட்டும்போது சூடேறாமலிருக்க ஊற்றுவார்களே, பால்போல் வெளுத்த அந்தக் கூலன்ட் தண்ணீர், அதன் வாசனை. உங்கள் சட்டையை அம்மா தனி வாளியில் ஊறவைத்தது அதற்காகத்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் துப்பட்டாவைத் தனி வாளியில் ஊறவைத்தேன்.

எங்கள் காலத்தில் அதைப் பயிற்சி என்றோம். எண்பதுகளின் கடைசி அது. நான் சேர்ந்தது சாண்ட்விச் டிப்ளமோ. படிப்புக்கு நடுவில் ஆறு மாதம், கடைசியில் ஆறு மாதம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை பழக வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. அது இல்லாமல் டிப்ளமோ கிடையாது. மெக்கானிக்கல் வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனிப் படி ஏறினாலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசிப் பயிற்சிக்கு இடமே கிடைக்காமல் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் உங்கள் மேனேஜர் முன்னால் போய் நின்றீர்கள். அன்று பக்கோடாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னீர்கள்: "நாளைலேர்ந்து ரெண்டு டப்பா கட்டு."

அண்ணனூரில் ரயில் ஏறுவோம். நான் லேடீஸ் பெட்டி, நீங்கள் பொதுப் பெட்டி. பட்டரவாக்கத்தில் இறங்கி, கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு நடப்போம். இரண்டு டப்பாவும் உங்கள் பையில்தான். உள்ளே போனதும் நீங்கள் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவீர்கள். பக்கத்து மிஷின் ஏழுமலை சிரிப்பார். அவர் உங்களோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், நம் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருகிறவர். அப்பாவுக்கு மிஷின் முன்னால் ஒரு முகம் இருக்கிறது என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன். வீட்டில் இல்லாத முகம். அழகாக இருந்தது.

பயிற்சி பாதி முடிந்திருந்தபோது சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தது. இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்தார்கள். மறுநாள் ஸ்ட்ரைக் என்று எல்லாரும் வெளியே வந்துவிட்டீர்கள். கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் எழுந்தது. நிர்வாகம் பயிற்சிக்கு வந்திருந்த எங்களைக் கூப்பிட்டது. நீங்கள் தொழிலாளிகள் இல்லை, மாணவர்கள், வழக்கம்போல உள்ளே வர வேண்டும், வராவிட்டால் கல்லூரிக்குத் தெரிவிப்போம் என்றார்கள்.

நான் பாலிடெக்னிக்குக்கு ஓடினேன். பயிற்சியைக் கவனித்த ஆசிரியர் நல்ல மனிதர். வேறு கம்பெனிக்கு மாற்றித் தாருங்கள் சார் என்று கேட்டேன். பயிற்சி ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நடுவில் விட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். என் அப்பா வெளியே நிற்கிறார் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று குடும்ப ஜெபம் முடிந்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடம் போனால் போகட்டும் என்று அம்மா சொன்னாள். நானும் அதையே சொன்னேன். சம்பளம் இல்லாத வீட்டில் ஒரு வருடம் நின்ற படிப்பு மறுபடி எழுந்திருக்காது என்று அவளிடம் பொறுமையாக விளக்கினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீ உள்ள போ. நான் வெளிய நின்னு கத்துவேன். எல்லாரும் கத்தசொல்லோ நான் மட்டும் வாய மூடிகினு நிக்க முடியாது. நீ காதுல வாங்காத. நேரா பாத்து நட."

அப்படித்தான் நடந்தது. காலையில் ஒன்றாகவே கிளம்புவோம். ரயில்வே கேட் தாண்டியதும் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைச் சரிசெய்வதுபோலப் பின்தங்குவீர்கள். நான் முன்னால் போவேன். நான் கம்பெனி வாசலை நெருங்குவதற்குள் நீங்கள் வேறு வழியாகப் பந்தலுக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். போலீஸ்காரர்களுக்கு நடுவே நாங்கள் நான்கைந்து பயிற்சி மாணவர்கள் தலைகுனிந்து நுழைவோம். "கருங்காலிகள் ஒழிக" என்று சத்தம் எழும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்கு முதல் அடி எடுத்துக் கொடுக்கிற குரல் உங்களுடையது. அதை நான் எந்தக் கூட்டத்தில் அறியாமல் போவேன்? மாலையில் அதே ரயிலில் திரும்புவோம். மதியம் சாதம் போதுமாயிருந்ததா என்று கேட்பீர்கள். போதும் என்பேன்.

முதலில் எங்களை இன்ஸ்பெக்ஷன் அறையில் வைத்திருந்தார்கள். பிறகு ஆர்டர் நெருக்குகிறது என்று ஒவ்வொருவரையும் ஒரு மிஷினில் நிறுத்தினார்கள். எங்களுக்கு மதிப்பெண் போடுகிற சூப்பர்வைசர்தான் நிறுத்தினார். மாட்டேன் என்று ஒருவன் சொன்னான். அன்றோடு அவன் பயிற்சி முடிந்தது. என்னை அழைத்துக்கொண்டு போய் நிறுத்திய, இரும்பு கடையும் கேப்ஸ்டன் லேத்தின் தலையில் சின்னதாக ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. யாருடைய மிஷின் என்று அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் உங்கள் விரல்கள் தேய்த்த பளபளப்பு இருந்தது. அதைப் பிடித்தேன் அப்பா.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மறைக்க முடியவில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எந்த மிஷினு?"

"உங்களுதுதான்பா."

சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினீர்கள். அம்மா ரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நிமிர்ந்து, "பின்னல கோட்டுக்குள்ள சொருவிக்கோ. அது சுத்தசொல்லோ முடிய இழுத்துரும்" என்றீர்கள்.

மறுநாள் கேட்டைத் தாண்டும்போது உங்கள் குரல் இல்லை. கூட்டம் கத்தியது, நீங்கள் கத்தவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பந்தலில் ஏழுமலைதான் கேட்டாராம்: "உன் பொண்ணு உன் மிஷினையே ஓட்டிகினு கீது. நீ இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீற?" பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நான் அப்போது பார்த்ததெல்லாம், நீங்கள் பந்தலை விட்டு எதிர் டீக்கடை பெஞ்சுக்கு இடம் மாறியிருந்ததுதான். நான் நின்றுவிடட்டுமா என்று ரயில் நடைமேடையில் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே என்றீர்கள். வீட்டிலேயே இருந்திருக்கலாம் நீங்கள். ஆனாலும் தினமும் என்னோடு வந்தீர்கள், டப்பாவைச் சுமந்துகொண்டு.

என் பயிற்சி முடிந்த பிறகு ஸ்ட்ரைக் முடிந்தது. தொகுதி தொகுதியாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சிலரை எடுக்கவில்லை. அவர்களுக்காகச் சங்கம் வாதாடி ஒவ்வொருவராக உள்ளே சேர்த்தது. உங்களுக்காக யாரும் வாதாடவில்லை. நிர்வாகத்துக்கு உங்கள் குரல் நினைவிருந்தது. சங்கத்துக்கு உங்கள் மகள் நினைவிருந்தாள். நீங்கள் இரண்டு பக்கமும் போய்ச் சண்டை போடவில்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தீர்கள். நாமும் அங்கேயே குடிபோனோம். பயிற்சியில் எனக்கு மிக நல்ல மதிப்பெண் வந்திருந்தது. நான் சொன்னதும், "நல்லதும்மா" என்று தலையைத் தொட்டுவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினீர்கள். அந்த மதிப்பெண்ணால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையால்தான் உங்களுக்கு மருந்து வாங்கினேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மதியம், உங்கள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை வருடங்களில் நாம் அந்த நாட்களைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. திடீரென்று கேட்டீர்கள்.

"அப்போ கேட்டாண்ட நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லப்பா. அந்தச் சத்தத்துல யார் குரல்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

நீங்கள் சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னீர்கள்: "அம்மாம் கூட்டத்துலயும் என் குரல்தான் தனியா கேக்கும்னு ஏழுமலை சொல்வான்."

அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் மீதி நகங்களை வெட்டினேன். என் பதில் உங்களுக்கு ஆறுதலாக இருந்ததா, அல்லது உங்களிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் நான் பிடுங்கிக்கொண்டேனா என்று அந்த முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கண்ணை மூடும்வரை நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் குரல் கேட்டது அப்பா. முதல் நாளிலிருந்தே கேட்டது. இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.

உங்கள் மகள்