ஐஸ் தட்டு

அன்புள்ள உங்களுக்கு,

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், பயத்தில் இல்லை.

நானோ தூளைக் கலக்க அல்ட்ராசவுண்டு முனையைக் கரைசலில் இறக்கினால் குடுவை அடுப்பில் வைத்ததுபோல் சுடும். சூட்டில் தூள் கட்டி தட்டிவிட்டால், எவ்வளவு வெயில் பட்டாலும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியாது. அதனால்தான் மூன்று வருடமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குடுவையைச் சுற்றி ஐஸ் மாற்றினேன். நம் ஆய்வுக் கட்டுரையில் ஐஸ் பற்றி நான் எழுதிய அந்த ஒரு வரியை அடித்தீர்கள். "ஐஸ் போட்டதையெல்லாமா எழுதுவாங்க? இதென்ன சமையல் குறிப்பா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கட்டுரையைப் பார்த்துச் செய்த இன்னொரு ஆய்வகத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. கட்டுரை பொய்யோ என்று விசாரிக்க வந்த குழுவிடம் என்ன சொன்னீர்கள்? "அளவெடுத்தது என் மனைவி. அவங்க கணக்குல தப்பு இருக்கலாம்." வீட்டில் 'ஏய்', அங்கே 'அவங்க'! என்ன மரியாதை!

நாளை குழுவின் முன்னால் நீங்களே செய்துகாட்ட வேண்டுமாமே. தாராளமாகச் செய்யுங்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். 'கொஞ்ச நாளைக்கு' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.

ஆய்வகத்தில் ஐஸ் தட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் போன் பண்ணிக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
தப்புக் கணக்குக்காரி