அக்கா இப்ப எந்த மாவட்டம்?

ஜூன் 16, திங்கள்

ஆனி பொறந்தும் வெயில் மண்டையைப் பிளக்குது. தல்லாகுளம் பிரஸ்ல எம் மக செல்வி கல்யாணப் பத்திரிகை புரூஃப் வாங்கியாச்சு. மாப்பிள்ளை பேரு சரி. மண்டபம் சரி. ஆடிக்கு முன்னாடி எல்லாருக்கும் வச்சு முடிக்கணும்.

கடைசிப் பக்கத்துல சொந்தக்காரங்க பேரு. பெரியப்பா பெரியம்மா வரிசையில எங்க அக்காவும் அத்தானும். செம்பனார்கோயில், நாகப்பட்டினம் மாவட்டம்னு எழுதிக் குடுத்திருந்தேன். பிரஸ்காரத் தம்பி, "அக்கா, அதைப் பிரிச்சுட்டாங்கள்ல? வேற மாவட்டமா இருக்கும், கேட்டுச் சொல்லுங்க"ன்னான்.

யாருகிட்ட கேக்க? பிரிக்கிறதுக்கு முன்னாடியே எங்க பேச்சு நின்னுபோச்சு. அப்பா வீட்டை வித்தப்ப வந்த சண்டை.

17, செவ்வாய்

குழாயில தண்ணி இல்ல. இட்லி மாவு பொங்கி வழிஞ்சு ஒரே களேபரம்.

அக்காவைக் கட்டிக் குடுத்தப்ப தஞ்சாவூர் மாவட்டம். அப்பா இன்லேண்டு லெட்டர்ல அப்படித்தான் எழுதுவாரு. அப்புறம் நாகப்பட்டினம். இப்ப இன்னொண்ணு. அவ அதே வீட்டுலதான் இருக்கா, நகரவே இல்ல.

இவரு சொல்றாரு: "வெறும் ஊரை மட்டும் போட்டு விடு." நல்லாருக்கே! மத்த எல்லாருக்கும் மாவட்டம் இருக்கு, அவளுக்கு மட்டும் இல்லன்னா? அவ கண்ணு மொதல்ல அங்கதான் போகும்.

போன் பண்ணிக் கேக்கலாம். மாவட்டம் கேக்கத்தானேன்னு சொல்லிக்கலாம். நம்பரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

18, புதன்

செல்வி காலையிலேயே போன்ல தட்டிப் பாத்துட்டா. "மயிலாடுதுறைம்மா. இதுக்கா ரெண்டு நாளா முழிக்கிற?"

கோவம் வந்துச்சு எனக்கு. அவளை யாரு பாக்கச் சொன்னது? இருந்த ஒரு சாக்கும் போச்சு.

மத்தியானம் ஒண்ணுந் தெரியாத மாதிரி போன் போட்டேன். எடுத்துட்டா. அதே குரல், கொஞ்சம் இருமல்.

"அக்கா, ஒங்க மாவட்டம் இப்ப எது? பத்திரிகைக்கு."

"ஏன்டி, ஒன் மக போன்ல தட்டுனா வந்துருமே?"

போனைக் காதோட அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். அவளே சொன்னா.

"மயிலாடுதுறை. கேட்டாச்சுல்ல? வச்சுரவா?"

வச்சுராதக்கான்னு சொல்ல நினைச்சேன். அழுகைதான் வந்துச்சு. அங்கிட்டும் மூக்கை உறிஞ்சுற சத்தம்.

"இந்தா பாரு, பத்திரிகைய தபால்ல அனுப்புன, நான் கல்யாணத்துக்கு வர மாட்டேன்."

பிரஸ்ஸுக்குச் சொல்லியாச்சு. மயிலாடுதுறை.

22, ஞாயிறு

வெத்தலை, பாக்கு, குங்குமம், பழம். மதுரை மல்லி, வாழையிலையில சுத்தி. அவளுக்கு அரக்குச் சேலை, பிடிக்குமோ என்னவோ. இருமலுக்குச் சித்தரத்தை.

மாட்டுத்தாவணியில பஸ்ல உக்காந்து எழுதுறேன். நோட்டு மடியில, எழுத்து கோணல்.

கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?"னாரு.

"அக்கா வீட்டுக்கு"ன்னுட்டேன்.