செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்

ஓப்போத்திக்கி
9 ஜூன் 2012

அன்புள்ள திரியா,

மழையில் மலை சரிந்து உங்கள் பள்ளத்தாக்குச் சாலை போய்விட்டது. சரிசெய்ய மூன்று வாரமாவது ஆகுமாம். தபால் மட்டும் குதிரையில் சரிவைத் தாண்டுகிறது. என் முழங்காலுக்குக் குதிரை ஆகாது. உன் மகன் தவேரா பிறந்ததிலிருந்து ஆறு வாரமும் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் வந்தவள், இனி காகிதத்தில்தான் வர வேண்டும்.

எடை பார்க்க முடியாதது ஒன்றுதான் கவலை. இரவில் நார்க்கூடையில்தானே தூங்குகிறான்? உன் கட்டிலில், உன் பக்கத்தில், ஆனால் அவனுக்கென்று தனி இடம்; தூக்கத்தில் உன் கை அவன் மூச்சை அடைத்துவிடக் கூடாது. அதை நான் முடைந்து கொடுத்தபோது உன் பாரே சித்தி கேட்டாரே, "நர்ஸம்மா, இதுல புள்ளயப் போடறதா, இல்ல சந்தைக்குத் தூக்கிட்டுப் போறதா?" நினைத்துச் சிரித்தேன்.

நேரில் வாயே திறக்க மாட்டாய். தாளிலாவது பேசு.

உன்,
கிளெனிஸ்

*

14 ஜூன்

அன்புள்ள கிளெனிஸ் அக்கா,

தவேரா நலம். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சிரிக்கிறான். "சிரிப்பில்லடி, வாயு" என்கிறாள் சித்தி.

முகம் பார்த்துச் சொல்ல வராத ஒன்று.

அவன் கூடையில் தூங்குவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். "ஏய், நர்ஸம்மா காரு பாலத்துக்கு வந்துடுச்சு, கூடைய எறக்குடி!" என்று சித்தி கத்துவாள். சுவரிலிருந்து இறக்குவோம். நீங்கள் பார்ப்பீர்கள், குறிப்பீர்கள். போனதும் மறுபடி சுவரில். இரவெல்லாம் அவன் என் கையில். வீடு குளிர். அவன் அப்பா ஆஸ்திரேலியச் சுரங்கத்திலிருந்து கூப்பிடுவதில்லை. இவன் மூச்சு கழுத்தில் படாவிட்டால் எனக்கு உறக்கம் இல்லை.

குறிப்பேட்டில் எழுதுவீர்களா? எழுதினால் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வருவார்கள். என் கூடப்பிறந்தவளின் மகளை அப்படித்தான் கொண்டுபோனார்கள். வீடு ஈரம் என்று யாரோ எழுதிய ஒரு வரி. இப்போது அவள் வேறு யாரையோ அம்மா என்கிறாள்.

எழுதாதீர்கள்.

திரியா

*

19 ஜூன்

அன்புத் திரியா,

எழுதவில்லை.

எனக்குத் தெரியும். மூன்றாவது செவ்வாயே தெரியும். கூடை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, பால் வாசனை இல்லை. ஆனாலும் கூடையில் தூங்குகிறான் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இருபத்தாறு வருடத்தில் என் வரிகளால் வீட்டை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். தவேராவை அதில் சேர்க்க முடியவில்லை.

மேலாளர் கேட்டார்: "அந்தப் பள்ளத்தாக்குப் பொண்ணு எப்படி?"

"நல்லா பாத்துக்கறா" என்றேன்.

அதை நீதான் உண்மையாக்க வேண்டும். இன்றிரவே கூடை. உன் கை அதன் விளிம்பில் இருக்கட்டும். மூச்சு கேட்கும் தூரம்தான். சாலை திறக்கும் அன்று, செவ்வாயோ இல்லையோ, வருகிறேன்.

கிளெனிஸ்

*

3 ஜூலை

திரியா,

சாலை திறந்த அன்று வந்தேன். உன் வீட்டுக்கு அல்ல, உங்கள் குலக்கூடத்து வாசலுக்கு. தவேராவைக் கிடத்தியிருந்த இடத்துக்கு. துக்கத்துக்கு வந்தவர்களை உள்ளே வரச்சொல்லி நீட்டி அழைக்கும் குரல் வந்தது. மற்றவர்கள் நடந்தார்கள். நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

உன்னைப் பார்க்க வரலாமா? ஒரு வரி போதும்.

கிளெனிஸ்

*

12 ஜூலை

கிளெனிஸ் அக்கா,

உங்களைப் பார்த்தேன். அவனைக் கூடத்தில் வைத்திருந்த மூன்று நாளும் அவன் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். அங்கிருந்து வாசல் தெரியும். அழைத்தது பாரே சித்தியின் குரல். "கூப்பிட்டும் வராமப் போறாளே, புள்ள மொகத்தக்கூடப் பாக்காம" என்றாள்.

ஐந்து இரவு கூடையில்தான் விட்டேன். ஆறாவது இரவு இருமல். அழுதான். எடுத்துக் கையில் போட்டுக்கொண்டேன்.

விடிந்தபோது நான் மட்டும் எழுந்தேன்.

காரணம் சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் மேல் கோபம் இல்லை. எழுதாதீர்கள் என்று கேட்டவள் நான். நீங்கள் நல்லவர். வர வேண்டாம்.

நாள் முழுக்க ஒன்றையே யோசிக்கிறேன். அந்த மூன்றாவது செவ்வாயே நீங்கள் எழுதியிருந்தால் வந்திருப்பார்கள். எடுத்துப்போயிருப்பார்கள். யாரோ ஒருத்தியின் வீட்டில், என் வாசனை இல்லாத படுக்கையில், அழுதுகொண்டிருப்பான்.

அழுதுகொண்டிருப்பான், அக்கா.

திரியா