குப்பைமேனிக் களிம்பு

12 அக்டோபர் 1983
பேசாமல் இருந்தது போதும். நான்கு வருடம்.

குப்பைமேனிச் சாறு சீழ்க்கிருமியைக் கொல்லும் என்று பலராமன் கட்டுரை எழுதினான். சேதராப்பட்டில் எங்கள் கம்பெனி அதை வைத்துத்தான் களிம்பு விற்கிறது. அவன் இப்போது மேலாளர். நான் அதே ஆய்வகத்தில், அதே ஸ்டூலில்.

சோதனையைச் செய்தவன் நான். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் காகித வில்லையை நனைத்து, கிருமி வளர்த்த தட்டில் வைத்தேன். சுற்றிலும் கிருமி செத்து வளையம் விழுந்தது. மழைக்காலம். வில்லை சரியாகக் காயவில்லை. கட்டுரை போன பிறகுதான் சந்தேகம் வந்து வெறும் ஸ்பிரிட்டை வைத்துப் பார்த்தேன். அதே வளையம். சாற்றை நன்றாகக் காயவிட்டு வைத்தேன். ஒன்றுமில்லை. கொன்றது இலை அல்ல.

பலராமனிடம் சொன்னேனா? இல்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்திருந்தான். ஒருநாள் அகப்படட்டும் என்று இருந்தேன். அகப்படவில்லை.

19 அக்டோபர்
மழை. எழுத ஒன்றுமில்லை.

27 அக்டோபர்
பெரிய மார்க்கெட்டில் சங்கரா வாங்கினேன். பத்து வருடமாக எனக்கு மீன் தரும் வீராம்பட்டினத்து சின்னப்பாப்பா, பாதத்தில் துணி சுற்றியிருந்தாள். கெளுத்தி முள் குத்திவிட்டதாம். சர்க்கரை வேறு. இடுப்பிலிருந்து எங்கள் களிம்பு டப்பாவை எடுத்தாள்.

"ஒங்க கம்பெனிதான சார்? நல்ல மருந்துதான? மோந்து பாரு, மூணு மாசமாவுது, சிக்கு நாத்தமே இல்ல."

சிக்கு வாடை வராததற்கு அந்த இலைதான் காரணம். எண்ணெயைக் கெடாமல் வைக்கும். அது உண்மை, நான் கண்டது. அதைப் பற்றி பலராமன் ஒரு வரிகூட எழுதவில்லை.

"ம்" என்றேன்.

பக்கத்துக் கடை லட்சுமி சிரித்தாள். "படிச்ச மனுசன் வாயத் தொறக்கறாரா பாரு! வெல கொறைக்கறப்ப மட்டும் நீளும்."

ஏன் "ம்" என்றேன்? பெருமையா?

11 நவம்பர்
சின்னப்பாப்பா இடம் காலி. ஜுரமாம்.

24 நவம்பர்
லட்சுமி சொன்னாள்: "ஆஸ்பத்திரில இருக்குது. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. ஏன் மொதல்லியே வரலன்னு டாக்டர் திட்டினாராம். கம்பெனி சாரே நல்ல மருந்துன்னாருன்னு சொல்லிச்சாம்."

மீன் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

26 நவம்பர்
ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"வா சார். நாந்தான் ஒழுங்கா போடல. மருந்து மேல குத்தமில்ல. பக்கத்துக் கட்டில் ஆதிலட்சுமிக்கும் கால்ல புண்ணு, டப்பாவ அதுக்குக் குடுத்துட்டேன்."

"வேணாம். அதப் போடாதீங்க" என்றேன்.

"ஏன் சார்?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "பழசு" என்றேன். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"அப்ப புதுசா ரெண்டு எடுத்துட்டு வா சார்" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

28 நவம்பர்
மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஆறு பக்கம் எழுதினேன். நான்கு பக்கம் முழுக்க பலராமன்தான். கிழித்துப் போட்டேன். மிச்சம் இரண்டு: தட்டு, வில்லை, தேதிகள், ஸ்பிரிட். சோதனை செய்தவர் தெரிந்தே மறைத்தார் என்ற வரியும் இருக்கிறது. அதை அடிக்கவில்லை.

மொட்டைக் கடுதாசியை யார் மதிப்பார்கள்? பெயர் இருந்தால்தான் விசாரிப்பார்கள். தெரியும். ஆனால் பெயர் இருந்தால் பேப்பரில் வரும். யாராவது சின்னப்பாப்பாவுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். காலையில் தபாலில் போடுகிறேன்.