ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துப் பக்க அறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. உள்ளே உன் ஃபிளானல் பலகை, அதில் ஒட்ட நீ வெட்டிவைத்த துணிப் படங்கள். ஆடுகள், ஒரு படகு, மூன்று ஒட்டகங்கள். ஒட்டகங்கள் மூன்றும் காக்கி. உன் பழைய கண்டக்டர் கால்சட்டையில் வெட்டியவை. ஒன்றின் வயிற்றில் பாக்கெட் தையல்கூட அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் எட்டுப் பேர் வெளியே பாயில் காத்திருந்தார்கள். நான் அந்த ஒட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டேன்.

ஆமாம், ஓய்வுநாள் பள்ளியில் உன் பாலர் வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். சிரிக்காதே. நீ கண்ணை மூடிப் பத்து மாதமாகிறது. அந்த வகுப்புக்கு ஆள் கிடைக்காமல் ஆயர் கடைசியில் என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கணக்குப் பாடம் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மோட்டாருக்குக் காயில் கட்டப் போனவன் நான். "நான் பாடம் நடத்தினா பிள்ளைகளுக்கு ஷாக் அடிக்கும் ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

முதல் வாரமே ஒரு பொடியன் கேட்டான்: "வெள்ளம் வந்தப்போ பேழைக்குள்ள கொசுவ எதுக்கு ஏத்தினாங்க?" வாயை மூடு என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நம் இருவருக்கும் பாடம் நடந்ததே அப்படித்தானே. இதே பாயில், பக்கத்துப் பக்கத்தில், வசனத்தை ஒப்பித்தால் மிட்டாய், மறந்தால் முட்டியில் பிரம்பு. எனக்கு மிட்டாயும் பிரம்பும் பிடித்துப்போனது. அதுதான் படிப்பு என்று நம்பிவிட்டேன். அதே பாயிலிருந்து நீ எப்படி வேறு மாதிரி எழுந்து போனாய் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

என் மகளை நாலு வயதில் உன்னிடம் கொண்டுவந்து விட்டது நினைவிருக்கிறதா? அழுது தீர்த்தாள். ஒரு மணி நேரமும் அவளை மடியில் வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொன்னாய். கூட்டிப் போக வந்த நான், "இன்னைக்கு என்னல படிச்சா?" என்று கேட்டேன்.

"அழுகைய நிறுத்தப் படிச்சா. போதும்ல மோட்டார்."

என் தொழிலை எனக்குப் பெயராக வைத்தவன் நீதான்.

ஏழு வயதில், வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரும் கதையைக் கேட்டுவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தாள். வீட்டிலேயே இருந்த அண்ணனுக்கு ஏன் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லை என்று கோபம். வேதத்தில் குற்றம் பிடிக்கக் கூடாது என்று நான் அதட்டினேன். நீ கேள்விப்பட்டுச் சிரித்தாய். "ஏழு வயசுல நியாயம்தாம்ல பெருசு. பங்கு சரியா இருக்கணும். மன்னிப்பெல்லாம் பையத்தான் வரும். விடு."

நான் எங்கே விட்டேன்? அவளுக்கு வசனம் மனப்பாடமாக வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து விடிந்ததும் ஒப்பிக்கச் சொன்னேன். பதினோரு வயதில், சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்த சேகரப் போட்டியில் நீளமான சங்கீதம் ஒன்றை மூச்சு விடாமல் சொல்லி எவர்சில்வர் தட்டு வாங்கினாள். அந்தத் தட்டைக் கடையில் தூக்கி வைத்தேன். பம்புசெட் ரிப்பேருக்கு வந்தவர்களெல்லாம் தட்டைப் பார்க்காமல் மோட்டாரை இறக்க முடியாது. அவள் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். நான் அதைத்தான் வளர்ச்சி என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் என் அண்ணன் மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது. குழந்தையாக இருந்தபோது நமக்காகப் பெற்றோர் கொடுத்த வாக்கை, இனி நானே கொடுக்கிறேன் என்று பேராயர் முன்னால் முழங்காலிடும் நாள். அதன் பிறகுதான் திருவிருந்து மேசைக்குப் போய் அப்பமும் ரசமும் வாங்கலாம். அண்ணன் குவைத்திலிருந்து வருகிறான், பந்தல், வீடியோக்காரர், பிரியாணி எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரே பந்தலில் என் மகளுக்கும் முடித்துவிடலாம் என்று என் மூளையில் உதித்தது. காதுகுத்து மாதிரி. அண்ணன் மகளுக்குப் பதினாலு, என் மகளுக்குப் பன்னிரண்டு. ஓய்வுநாள் பள்ளித் தலைவர் நீ. நீ கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

சபைக் கமிட்டி அறையில் நம்மையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம். நீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாய்: "ஒரு வருசம் பொறுல."

"எந்தக் கேள்வியையும் கேளு. பதில் சொல்லுவா."

"பதில் சொல்லுவா. அவ கேள்வி எங்கல போச்சு? முன்னாடி என்னைப் பாடாப் படுத்துவா. இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேங்கா, கவனிச்சியா?"

"எல்லாரும் ஏறியாச்சு. இவ மட்டும் எதுக்கு ஸ்டாப்பில நிக்கணும்?"

"கால் ரெண்டும் படியில வச்ச பொறவுதாம்ல விசில் அடிக்கணும். தொத்திக்கிட்டு வாற பிள்ளையள நான் தினமும் பாக்கேன்."

கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. அப்போதுதான் சொன்னேன். "பிள்ளை இல்லாதவனுக்குப் பிள்ளை வளப்பைப் பத்தி என்னல தெரியும்?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினாய். எழுந்து போகும்போது நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனாய். உன் கையெழுத்து இல்லாமலே கமிட்டி பெயரைச் சேர்த்தது.

பந்தல் நன்றாக இருந்தது. வெள்ளைப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணி. எல்லாப் பதிலையும் பிழையில்லாமல் சொன்னாள். வீடியோவில் அவளைவிட நான்தான் அதிகம் வருகிறேன்.

பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் அவளுக்கு வயிற்றுவலி. ஓமத்திரவம் கொடுத்தேன். நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் பார்த்தேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். முதல் ஞாயிறு திருவிருந்து ஞாயிறு என்பது மட்டும் இந்த மோட்டார் மூளையில் ஏறவில்லை. நாலைந்து மாதம் கழித்து வயிற்றுவலி நின்றது. ஆலயத்துக்கு வந்தாள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், மேசைக்குப் போகவில்லை. வயதுக் கூச்சம் என்றாள் என் மனைவி. நானும் நம்பினேன்.

அதே கடைசி வரிசையில், நடைபாதைக்கு இந்தப் புறம் ஆண்கள் பக்கத்தில், நீயும் உட்காரத் தொடங்கினாய். நீயும் மேசைக்குப் போகவில்லை.

நம் சபையில் வரிசை வரிசையாக எழுந்து போகும்போது உட்கார்ந்திருப்பவனை எல்லாரும் பார்ப்பார்கள். யாரோடாவது பகை இருந்தால்தான் ஒருவன் அப்படி உட்காருவான். உனக்கு யாரோடு பகை என்று ஊருக்கே தெரியும். "மோட்டார்காரன் மேல கோவம், அதான் வரமாட்டேங்கான்" என்றார்கள். நானும் அதைச் சொல்லித் திரிந்தேன், கொஞ்சம் பெருமையாகவே. திருவிருந்து எடுக்காதவன் ஓய்வுநாள் பள்ளிக்குத் தலைவனாக இருக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. உன்னை நீக்கினோம். கை தூக்கியவர்களில் நானும் உண்டு. பாலர் வகுப்பை மட்டும் விட்டுவைத்தோம், அதற்கு வேறு ஆள் இல்லாததால்.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு முதல் ஞாயிறு அவள் எழுந்தாள், நீயும் எழுந்தாய். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்து போய் மேசை முன் முழங்காலிட்டீர்கள். ஒருவழியாக உனக்குக் கோபம் இறங்கிவிட்டது, ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நாம் பேசியதெல்லாம் "சாயா குடிச்சியா", "குடிச்சேன்" அவ்வளவுதான். அப்படியே நீ போய்விட்டாய்.

மகளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. கொச்சியில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. போன வெள்ளிக்கிழமை காலையில் லீவில் வந்தாள். இரணியல் ஸ்டேஷனிலிருந்து பைக்கில் கூட்டி வந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது உன் வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல மனுசன்தான்" என்றேன். "ஆனா ஒண்ணரை வருசம் எம்மேல வன்மம் வச்சுத் திருவிருந்தே எடுக்காம இருந்தான் பாத்தியா?"

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள்.

"அப்பா, அது உங்களால இல்ல. எனக்காக."

திருவிருந்தைத் தகுதியில்லாமல் உண்பவனுக்குத் தண்டனை என்று வரும் எச்சரிக்கையையும் நான்தானே மனப்பாடம் செய்ய வைத்தேன்? பன்னிரண்டு வயதில் அவளுக்கு அது விஷம் என்றுதான் புரிந்திருக்கிறது. முதல் தடவை அப்பத்தை விழுங்கிவிட்டு, செத்துப்போவோம் என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு நேராக, நடைபாதை ஓரத்தில் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

"'மாமா, நீங்க போகலியா'ன்னு கேட்டேன்பா. 'நீ போறப்போ சொல்லு மக்கா, நான் இருக்கேன்'னாரு. அவ்வளவுதான். ஒரு மாசம்கூட 'இன்னைக்குப் போவமா'ன்னு கேக்கல. நான் என்னென்னவோ கேப்பேன். பாதிக்கு 'தெரியாது மக்கா'ன்னுதான் சொல்லுவாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட பதில்தானப்பா சொல்ல முடியும்."

நான் கை கழுவ எழுந்து போய்க் குழாயடியிலேயே நின்றேன்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியின் காலில் விழுந்தாவது, பிள்ளை இல்லாதவன் என்ற அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மனப்பாடம்தானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை. "வாருங்க அண்ணே" என்று பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அண்ணே, அவருக்கும் உங்களுக்கும் கமிட்டில என்னதான் பேச்சு வந்துது? அன்னைக்கு முகம் ஒரு மாதிரி இருந்துது. கேட்டதுக்கு, 'மோட்டார் ஓடினா சத்தம் கேக்கத்தான் செய்யும், நான் காதுல வாங்கல'ன்னு சிரிச்சாரு. பொறவு நானும் கேக்கல."

அவளுக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதை உன் வீடுவரைக்கும் கொண்டுபோகவில்லை. நம் சபையில் அது அற்புதத்தில் சேர்த்தி. இப்போது நான் மன்னிப்புக் கேட்டால், இத்தனை வருடம் நீ வாசலில் நின்று மறித்ததை நானே உள்ளே கொண்டுபோய் அவள் மடியில் வைத்ததாக ஆகும்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பழைய கதை" என்று சாயாவைச் சூடாகவே குடித்துவிட்டு வந்தேன். நாக்கு வெந்தது. அதற்கு வேண்டியதுதான்.

ஆகவே அந்த வார்த்தை என்னிடமே இருக்கிறது. உன்னிடம் கொடுக்க நீ இல்லை, அவளிடம் கொடுக்கக் கூடாது.

அலமாரியைத் திறந்த அந்த ஞாயிறு, முதல் ஞாயிறு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. என்னால் எழ முடியவில்லை. முட்டிவலி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், பொய்யும் வாயில் வரவில்லை. எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் எழுந்து பாதி தூரம் போயிருந்த மகள் என்னைப் பார்த்தாள். நின்றாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் திரும்பி நடந்து வந்து, ஆண்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏன் என்று கேட்கவில்லை. நான் அழுததையும் பார்க்காத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருடம் மனப்பாடம் செய்ய வைத்த எதிலும் இது இல்லை.

நேற்று அவளை ரயிலேற்றிவிட்டேன். வண்டி நகரும்போது படிக்கருகில் நின்றபடி, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கும் வருவேன் என்றாள். அவ்வளவு தூரம் எதற்கு என்று வழக்கமாகச் சொல்கிறவன் நான். இந்தத் தடவை சொல்லவில்லை.